கால் பார்க்கும் கண்ணாடி

தம்பி,

டிஸ்க் கோல்ஃப் விளையாட எந்த ஷூ வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். முப்பது வருஷம் மஞ்சக்குப்பத்தில் செருப்புக் கடை வைத்திருந்தவளிடம் கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் போனில் பதில் சொன்னால் பாதியில் "மீட்டிங்மா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது. வைத்தாலும் அது உன் மேஜைமேல் கிடக்கும், காபி குடிக்கும்போதெல்லாம் கண்ணில் படும். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். வைகாசியில் உனக்குக் கல்யாணம். கல்யாணத்துக்கு முன்னால் அம்மா எழுதுகிறாள் என்றால் நாலு நல்ல வார்த்தை இருக்கும் என்று எதிர்பார்ப்பாய். இதில் ஒன்றுகூட இருக்காது. நல்ல வார்த்தை சொல்லிச் சொல்லித்தான் நான் இந்த ஊரில் எத்தனையோ பேரின் காலைக் கெடுத்தேன்.

நீ பின்லாந்திலிருந்து அனுப்பிய வீடியோவை எட்டு தடவை பார்த்தேன். மகன் முகத்தைப் பார்க்கத்தான் அம்மா ஏங்குகிறாள் என்று நினைத்துவிடாதே. முகத்தைப் பார்க்கவே இல்லை, காலைத்தான் பார்த்தேன். ஊசிமரக் காட்டுக்குள் பிளாஸ்டிக் தட்டை வீசி, தூரத்தில் சங்கிலி தொங்கும் கூடைக்குள் விழவைக்க வேண்டும், அவ்வளவுதானே உன் விளையாட்டு. வீசுவதற்கு முன்னால் மூன்று எட்டு குறுக்காக வைத்து வருகிறாய். வலது காலை ஊன்றுகிறாய். தட்டை விடும்போது உன் உடம்பின் பாரம் மொத்தமும் அந்த ஒரு குதிகாலில் திரும்புகிறது. இடது கால் பின்னால் தரையைத் தேய்த்துக்கொண்டு இழுபட்டு வருகிறது. அதனால் உனக்கு இரண்டு ஷூவும் ஒரே மாதிரி தேயாது. இடதில் மூக்கு கிழியும், வலதில் குதிகாலின் வெளி ஓரம் தேயும். வீடியோ முடிவில் நீ காலை நீட்டி உட்கார்ந்தபோது இடது ஷூவின் மூக்கில் ஓட்டை விழ ஆரம்பித்திருப்பதையும் பார்த்துவிட்டேன். நான் சொல்வது சரிதானா என்று கழற்றிப் பார்.

ஆகவே ஓட்டப்பந்தயக்காரன் போடும் ஷூ உனக்கு வேண்டாம். அது நேராகப் போவதற்குச் செய்தது. பக்கவாட்டில் திரும்பினால் கால் உள்ளேயே வழுக்கும். மலையேறுகிறவர்கள் போடும், கணுக்காலுக்குக் கீழே நிற்கும் கட்டை ஷூ வாங்கு. மூக்கில் ரப்பர் ஏறியிருக்க வேண்டும். சோல் வெறும் பசை போட்டு ஒட்டியதாக இருக்கக் கூடாது, ஓரத்தில் தையல் ஓடியிருக்கிறதா என்று நகத்தால் நெருடிப் பார். அடியில் பள்ளம் ஆழமாக இருந்தால் ஈரப் புல்லில் பிடிக்கும், ஆனால் சிமெண்ட் மேடையில் நின்று வீசும்போது அதே பிடிப்பு முழங்காலைத் திருகும், அதனால் நடுத்தரமாக எடு. தண்ணீர் புகாத ஷூ என்று கடைக்காரன் பெருமையாகக் காட்டுவான். புகாததெல்லாம் வெளியேயும் விடாது. வியர்வையில் ஊறிய தோல் நனைந்த காகிதம் மாதிரி பிய்ந்துவிடும். இரண்டு ஜோடி வைத்துக்கொண்டு ஒருநாள் விட்டு ஒருநாள் போடு. அளவு கொடுக்கச் சாயங்காலம் போ, காலையில் போகாதே, நடந்து நடந்து கால் வீங்கியபிறகு இருப்பதுதான் உன் நிஜமான அளவு. உள்ளே இருக்கும் இன்சோலை உருவித் தரையில் போட்டு அதன்மேல் ஏறி நில். விரல் ஏதாவது வெளியே பிதுங்கினால் அந்த ஷூ எவ்வளவு அழகாக இருந்தாலும் திருப்பிக் கொடு. சொகுசாக இருக்கட்டும் என்று தடித்த இன்சோல் தனியாக வாங்கி உள்ளே சொருகாதே. இந்தக் கடைசி வரியை இன்னொரு தடவை படி. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

ஷூவைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான். இனி உன்னைப் பற்றி. வீடியோ அனுப்பிய அன்று போனில் என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? "அம்மா, பதினெட்டு கூடையும் முடிச்சுட்டு கார்ல வந்து ஷூவ கழட்டுறேன், உள்ள ஒரு கல்லு, புளியங்கொட்ட சைஸு! மூணு மணி நேரம் அதுமேலதான் நடந்திருக்கேன், தெரியவே இல்லம்மா. ஷூ அவ்ளோ சாஃப்டு. அடுத்ததும் இதே மாதிரி வேணும்" என்றாய். சொல்லிவிட்டுச் சிரித்தாய். நான் சிரிக்கவில்லை, நீ கவனிக்கவில்லை. முட்டாளே, கல் தெரியாத அளவுக்கு மெத்தென்று ஒரு ஷூவை உலகத்தில் எவனும் இன்னும் செய்யவில்லை. மாறியது ஷூ இல்லை. உன் கால் செத்துக்கொண்டிருக்கிறது.

கோபம் வருகிறதா? வரட்டும். இந்தச் சிரிப்பை இதே வார்த்தைகளோடு இந்த வீட்டில் நான் ஏற்கெனவே ஒருமுறை கேட்டிருக்கிறேன். உன் அப்பா குடிகாட்டில் அந்தக் கெமிக்கல் கம்பெனிக்கு ஷிப்டு போய்க்கொண்டிருந்த காலம். நீ காலேஜ் இரண்டாம் வருஷம். ஒருநாள் மத்தியானம் ஷிப்டு முடிந்து வந்து ஷூவைக் கவிழ்த்தார், உள்ளேயிருந்து ஓர் இரும்பு நட் உருண்டு விழுந்தது. "இங்க பாருடி, எட்டு மணி நேரம் இத மிதிச்சுக்கிட்டு நடந்திருக்கேன், ஒண்ணுமே தெரியல! ஒம் புருசன் காலு இரும்புக் காலு" என்றார். நான் சிரித்தேன். சிரித்ததோடு விட்டேனா, அந்த நட்டைக் கடைக்கு எடுத்துப் போய்க் கல்லாப் பெட்டிமேல் வைத்து வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினேன். "எங்க வீட்டுக்காரர் இதோட எட்டு மணி நேரம் நடந்தாரு, நீங்க என்னமோ ஷூ கடிக்குதுன்னு சொல்றீங்களே" என்று கேலி செய்தேன். அவருக்குச் சர்க்கரை இருந்தது எனக்குத் தெரியும். சர்க்கரை காலின் உணர்ச்சியைத் தின்னும் என்பது தெரியாது. உனக்கு இரண்டும் தெரியும், படித்தவன். தெரிந்தும் சிரித்தாய்.

நான் எப்படி வியாபாரம் செய்தேன் என்று உனக்குத் தெரியாது. நீ கடைக்கு வந்தால் புது அட்டைப் பெட்டி வாசனையில் பின்னால் ஒளிந்து விளையாடுவாய், அவ்வளவுதான். நான் யாருடைய காலையும் பார்த்து அளவு சொன்னதில்லை, முகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன். ஷூவை மாட்டிவிட்டு நுனியில் கட்டைவிரலால் அழுத்துவேன், கண் மட்டும் அவர்கள் முகத்தில் இருக்கும். முகம் சுளித்தவர்களுக்கு அடுத்த சைஸ் எடுத்து வருவேன். சுளிக்காதவர்களுக்குக் கையில் இருப்பதையே தள்ளிவிடுவேன். புருஷன் பக்கத்தில் நிற்கிறானே என்று வலியை விழுங்கும் பெண்கள், அப்பா கத்துவாரே என்று பயப்படும் பிள்ளைகள், அத்தனை பேருக்கும் ஒரே மந்திரம்: "போடப் போட லூசாயிடும்." எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. போடப் போட லூசாகவில்லை தம்பி, போடப் போட மரத்துப் போனது.

உனக்கும் அதைத்தான் சொன்னேன். ஆறாம் வகுப்பில் விளையாட்டு விழாவுக்கு வெள்ளை ஷூ கேட்டாய். கண்ணாடிப் பெட்டியில் பார்வைக்கு வைத்திருந்த ஒரு ஜோடி எடுத்துக் கொடுத்தேன். ஜோடி என்று சொல்லக் கூடாது. இடது கால் அட்டைப் பெட்டிக்குள் இருந்தது, வலது கால் ஒரு வருஷம் வெயில் பட்டு ஓடு மாதிரி விறைத்துப் போயிருந்தது. எவனும் வாங்க மாட்டான் என்றுதான் என் பிள்ளைக்குக் கொடுத்தேன். "வலது காலு கடிக்குதும்மா" என்றாய். போடப் போட லூசாயிடும் என்றேன். மறுபடி சொன்னாய், கன்னத்தில் ஒன்று வைத்தேன். "ஆம்பளப் புள்ள செருப்பு கடிக்குதுன்னு அழுவானா?" என்று கடையில் இருந்த இரண்டு பேர் காதில் விழும்படி கேட்டேன். நீ மஞ்சக்குப்பம் மைதானத்தில் அந்த ஷூவோடு ஓடினாய், மூன்றாவதாக வந்தாய், வீட்டுக்கு வந்து சாக்ஸைக் கழற்றினால் பெருவிரல் நகம் சாக்ஸோடு வந்தது. அப்போதும் நீ அழவில்லை. பையன் தேறிவிட்டான் என்று நான் பெருமைப்பட்டேன். அன்றைக்கு அப்புறம் எதற்கும் நீ கடிக்குது என்று சொன்னதே இல்லை. சொல்லக் கூடாது என்று உனக்கு நான்தான் கற்றுக்கொடுத்தேன். இன்றைக்கு உன் கால் உன்னிடமே சொல்லவில்லை.

இனி எழுதப் போவதை எழுதாமல் இருக்கத்தான் நாலு வருஷமாக உயிரோடு இருக்கிறேன் என்று தோன்றுகிறது. உன் அப்பா கால் எப்படிப் போனது என்று உனக்கு ஒரு கதை தெரியும். அவர் புண்ணை மறைத்தார், யாருக்கும் காட்டவில்லை, முற்றியபிறகு தெரிந்தது. இந்தக் கதையைச் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் நான்தான் சொன்னேன். அது பொய்.

நட்டு விழுந்து சில வருஷம் கழித்துச் சிதம்பரத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனேன். அவர் பேனா முனையால் உன் அப்பாவின் உள்ளங்காலில் ஏழெட்டு இடத்தில் தொட்டு, "தெரியுதா, தெரியுதா?" என்று கேட்டார். உன் அப்பா எல்லாவற்றுக்கும் தெரியுது தெரியுது என்று தலையாட்டினார். டாக்டரம்மா பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டு, "இப்ப?" என்றார். அதற்கும் தெரியுது என்றார். டாக்டரம்மா அவரிடம் பேசுவதை விட்டுவிட்டு என்னிடம் திரும்பினார். "இவருக்கு உணர்ச்சி இல்லம்மா. இனிமே இவர் காலுக்கு நீங்கதான் கண்ணு. தினமும் ரெண்டு உள்ளங்காலையும் பாக்கணும். விரல் இடுக்கு உட்பட. ஒருநாள் கூட விடக் கூடாது" என்றார். கடையில் தரையோடு சாய்த்து வைத்திருப்போமே, போட்ட செருப்பு எப்படியிருக்கிறது என்று குனியாமலே பார்க்கிற கண்ணாடி, அதில் சின்னதாக ஒன்றை வீட்டுக்கு எடுத்து வந்தேன். விளக்கு வைக்கும் நேரத்துக்கு அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து காலை முக்காலிமேல் நீட்டுவார். நான் கண்ணாடியைக் குதிகாலுக்குக் கீழே பிடித்துப் பார்ப்பேன். அவருக்குத் தொப்பை, குனிய வராது. வெள்ளெழுத்து வேறு, கண்ணாடிக்குள் தெரிவது அவர் கண்ணுக்கு எட்டாது. நாலு வருஷம் ஒருநாள் விடாமல் பார்த்தேன். அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் அதற்கப்புறம் செய்ததைச் சொல்லப் போகிறேன்.

வார லீவு நாள் ஒன்றில் அவர் கடையில் வந்து உட்கார்ந்திருந்தார். ஓர் அம்மாள் தன் மகளோடு வந்தாள். முந்தின வாரம் நான் விற்ற ஷூ. பெண்ணின் குதிகாலில் தோல் உரிந்து ரத்தம் கட்டியிருந்தது. நான் வழக்கம்போல, "புதுசுல அப்பிடித்தாம்மா இருக்கும், போடப் போட லூசாயிடும்" என்றேன். உன் அப்பா எழுந்து வந்தார். "லூசாவாதும்மா. அவ எல்லார்கிட்டயும் இதத்தான் சொல்லுவா. குடுங்க, மாத்தித் தர்றேன்" என்றார். கடையில் அப்போது ஐந்தாறு பேர் இருந்தார்கள். ஒருவர் சிரித்தார், பிறகு எல்லோரும் சிரித்தார்கள். உன் அப்பாவும் சிரித்தார். அவர் சொன்னது உண்மை. உண்மையைச் சொன்னதற்காகத்தான் அவரை நான் மன்னிக்கவில்லை. அன்றைக்குப் பேச்சை நிறுத்தினேன். சோறு போட்டேன், துணி துவைத்தேன், பேசவில்லை. விளக்கு வைத்ததும் அவர் வழக்கம்போல நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டினார். நான் சமையலறைக்குப் போய்விட்டேன்.

மறுநாளும் நீட்டினார். அதற்கு மறுநாளும். பேசாதவளிடம் பேசாமலே காலை மட்டும் நீட்டிக்கொண்டு, நான் வரும் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் அந்த வழியாகவே துடைப்பத்தோடு போனேன், வந்தேன், பார்க்காமல் போனேன். நாலாவது நாள் அவரே கண்ணாடியை எடுத்து வந்து முக்காலியோரம் சாய்த்து வைத்தார். கொஞ்ச நேரம் எட்டி எட்டிப் பார்த்தார். பிறகு, "ஏ, கொஞ்சம் பாரேன். எனக்குக் கண்ணுக்குத் தெரியல" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "போடப் போட லூசாயிடும், போங்க" என்றேன். சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் காலால் தள்ளினேன். அது சுவரில் இடித்து ஓரம் உடைந்தது. அவர் காலை மடக்கிக்கொண்டார்.

ஆனாலும் மறுநாள் நீட்டினார். ஒன்பது நாள், தம்பி. ஒன்பதாவது நாள் வீட்டில் ஒரு நாற்றம் வந்தது. எலி செத்துக் கிடக்கிறது என்று நினைத்துப் பீரோவை நகர்த்தினேன், அரிசி டின்னைத் தூக்கிப் பார்த்தேன், பழைய அட்டைப் பெட்டிகளை எல்லாம் கொல்லைப்பக்கம் வீசினேன். அவர் நாற்காலியில் இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் அவர் பக்கம் வந்தபோதுதான் புரிந்தது. சாக்ஸைக் கழற்றினேன். அது வர மறுத்தது. இடது சுண்டுவிரலும் அதற்கு அடுத்த விரலும் என்ன நிறத்தில் இருந்தன என்று நான் எழுத மாட்டேன், உனக்கும் அது வேண்டாம். அந்தப் புண் ஏன் வந்தது தெரியுமா? கம்பெனி ஷூவில் ஒரு குறையும் இல்லை. சண்டைக்கு இரண்டு நாள் முன்னால், பாவம் நின்றுகொண்டே வேலை செய்கிறாரே என்று கடையிலிருந்து நல்ல தடித்த இன்சோல் ஒன்றை எடுத்து நானே அதற்குள் சொருகியிருந்தேன். இன்சோல் காலைத் தூக்கிக் கொடுத்தது, விரல்கள் ஷூ மூக்குக்குள் பாதுகாப்புக்கு வைத்திருந்த இரும்பு மூடியில் பதினொரு நாள் உரசின. ஆசையாக வைத்ததும் நான்தான், கோபத்தில் பார்க்காமல் விட்டதும் நான்தான்.

முதலில் இரண்டு விரல் எடுத்தார்கள். பிறகு பாதம். நீ அங்கிருந்து போனில் அழுதாய், "எப்பிடிப்பா கவனிக்காம விட்டீங்க?" என்றாய். நான் பக்கத்தில்தான் நின்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, "நான்தான்டா காட்டல. ஒங்கம்மா கேட்டா, நான்தான் ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டேன்" என்றார். அந்தப் பொய்யை அவர் எனக்குக் கொடுத்தார், நான் வாங்கிக்கொண்டேன். ஒருமுறையாவது, "ஏங்க அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேனா? கேட்கவில்லை. பதினோரு மாதம் ஒற்றைக் காலோடு இருந்தார், கடைக்கு வந்து உட்காருவார், "ஒத்தக் காலுக்கு ஒத்த ஷூ குடுப்பியா?" என்று என்னைக் கேலி செய்வார். பிறகு போய்விட்டார். நீ வந்து இறங்கிய அன்று அவர் தலைமாட்டில் நின்று, "இவ்ளோ அலட்சியமாப்பா?" என்று கேட்டாய். செத்தவரைக் கேட்டாய். கேட்டிருக்க வேண்டியது என்னை. நான் எதிரில் உட்கார்ந்து, "மறச்சிட்டாரே, எங்கிட்ட மறச்சிட்டாரே" என்று ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தேன். இன்றுவரை நீ உன் அப்பாமேல் கோபமாக இருக்கிறாய். அந்தக் கோபத்தை எடுத்து என்மேல் வை. இடம் இருக்கிறது.

நீ என்னைச் செய்யச் சொன்னதையும் எழுதிவிடுகிறேன். போன வருஷம், "பார்டர்ல சுகர் இருக்காம்மா, மாத்திர போடறேன், பெருசா ஒண்ணும் இல்ல" என்றாய். சுகந்தியைப் பெண் பேசியபோது, "அவுங்க வீட்ல இப்போதைக்குச் சொல்லாதம்மா. கல்யாணம் முடியட்டும்" என்றாய். சரி என்றேன். பொய் எனக்குப் பழக்கம். ஆனால் திருவந்திபுரம் கோயிலில் மனையில் உட்காருவாய், பெண்ணைப் பெற்றவர் தாம்பாளத்தில் உன் காலை வைத்துப் பால் ஊற்றிக் கழுவுவார். சுகந்தியின் அப்பா கண் நல்ல கூர்மை, ரிட்டையர்டு ஓவர்சீயர், செங்கல்லில் முடி அளவு விரிசல் இருந்தாலும் கண்டுபிடிக்கிறவர். அவர் கையில் உன் கால் கிடக்கும்போது அடியில் என்ன இருக்கும் என்று உனக்கே தெரியாது. கழுவி முடித்ததும் வைகாசி வெயிலில் வெறுங்காலோடு அந்தக் கோயில் மலைப்படி ஏறுவாய். கருங்கல் கொதிக்கும். மற்றவர்கள் குதித்துக் குதித்து ஓடுவார்கள். மாப்பிள்ளை மட்டும் நிதானமாக, கம்பீரமாக நடப்பார். எல்லோரும் பாராட்டுவார்கள். மறுநாள் கட்டிலில் உன் உள்ளங்காலில் கொப்புளம் பார்த்து அந்தப் பெண் அலறுவாள். அதை நான் பார்க்க விரும்பவில்லை. ஒன்றை மறைத்துத் தூக்கிக்கொண்டிருப்பதே எனக்குப் போதும், இன்னொன்றுக்குத் தோள் இல்லை.

இதுவரை எழுதி ஒரு வாரம் வைத்திருந்தேன். பிறகு நான் செய்ததைச் சொல்கிறேன், கத்த வேண்டுமானால் தனியாகப் போய்க் கத்து. நேற்று பஸ் பிடித்துச் சிதம்பரம் போனேன். சுகந்தி பாடம் எடுக்கும் பள்ளிக்கூடம் விடும் நேரம் பார்த்து வாசலில் நின்றேன். கோயிலுக்குள் போய் உட்காரலாம் என்று கீழவீதி வாசலில் செருப்பு விட்டோம். அவள் செருப்பைப் பார்த்தேன், பார்க்காமல் இருக்க முடியுமா? இடது வார் அறுந்து தைத்திருந்தது, தைத்த இடம் மறுபடி விட்டுப்போய் மறுபடி தைத்திருந்தது. லேசில் எதையும் தூக்கி எறிகிறவள் இல்லை. பிரகாரத்தில் உட்கார்ந்து இந்தப் பக்கங்களை அவள் கையில் கொடுத்தேன். "அத்த, இது அவருக்கு எழுதினதுதான? நான் எப்பிடிப் படிக்கிறது?" என்றாள். "ஒனக்கும் சேத்துதாம்மா, படி" என்றேன். பைக்குள் கணக்குப் பேப்பர் கட்டு இருந்தது, கையில் சிவப்புப் பேனா. அரை மணி நேரம் படித்தாள். ஓர் இடத்தில் நிறுத்தி, பழக்க தோஷம் போலிருக்கிறது, ஒரு கோடு போட்டாள். "பார்க்காமல் போனேன்" என்று நான் எழுதியிருக்கும் இடத்தில் சிவப்புக் கோடு இருக்கும். அது நான் போட்டதில்லை.

படித்து முடித்து மடித்துக் கொடுத்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. முப்பது வருஷம் முகம் பார்த்துப் பிழைத்தவளுக்கே தெரியவில்லை என்றால் பார்த்துக்கொள். "கல்யாணம் வேணாம்னா இப்பவே சொல்லிடும்மா, நானே ஒங்க வீட்ல வந்து பேசறேன்" என்றேன். சொன்னதும் எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் சிவப்புப் பேனாவை மூடிப் பைக்குள் போட்டாள். "சுகர் இருக்கறத மறைக்கச் சொன்னாருல்ல, அத அவர்கிட்ட நானே கேட்டுக்கறேன். அதுக்காகக் கல்யாணத்த நிறுத்த மாட்டேன்" என்றாள். எனக்கு மூச்சு வந்தது. உடனே வாய் திறந்துவிட்டேன்: "நீ பாத்துக்குவல்ல? தினமும் அவன் காலப் பாத்துக்குவல்ல?"

அவள் எழுந்து பையை மாட்டிக்கொண்டாள். "பாக்கறேன் அத்த. ஆனா எனக்கும் கோவம் வரும். ஒங்களவிட ஜாஸ்தியாவே வரும். வந்தா நானும் பாக்க மாட்டேன். அவரயே பாத்துக்கச் சொல்லுங்க" என்றாள்.

நல்ல பெண். என்னைவிட நேர்மையானவள், செய்யப் போவதை முன்கூட்டியே சொல்கிறாள். அவளைத் திட்டி எனக்குப் போன் போடாதே. நாளைக்குக் காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அங்கே ஒரு டாக்டரைப் போய்ப் பார், கல் கதையைச் சிரிக்காமல் சொல். ஷூ அதற்கப்புறம் வாங்கலாம். போடும் முன் ஒவ்வொரு தடவையும் கவிழ்த்துத் தட்டு, உள்ளே கை விட்டுத் துழாவு, உன் காலுக்குத் தெரியாதது கைக்குத் தெரியும். ஆறு கூடைக்கு ஒருமுறை உட்கார்ந்து கழற்றிப் பார். கூட விளையாடுகிறவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.

இதோடு அந்தக் கண்ணாடியைத் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். ஓரம் உடைந்திருக்கும், ஏன் என்று உனக்கு இப்போது தெரியும். அங்கே இதைவிட நல்ல கண்ணாடி கிடைக்கும் என்று தூக்கிப் போடாதே. தரையில் சாய்த்து வை, சாயங்காலம் விளக்கைப் போட்டு இரண்டு உள்ளங்காலையும் பார், விரல் இடுக்கு உட்பட. உன் அப்பா ஒன்பது நாள் காலை நீட்டிக்கொண்டு எனக்காக உட்கார்ந்திருந்தார். நீ யாருக்காகவும் உட்கார்ந்திருக்காதே.

அம்மா